ஆறாவது வரிசையில் எஸ்தர்

ஆகஸ்ட் 19, திங்கள்

நாளை காலை எட்டு மணிக்குத் தொண்டையில் அறுவை. உள்ளே பாசிப்பயறு அளவுக்கு ஏதோ வளர்ந்திருக்கிறதாம். பதினாறு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினால் பாசிப்பயறு என்ன, பலாக்கொட்டையே வளரும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாடுவதுண்டா என்று கேட்டார்.

'தந்தி ஆபீஸ்' பற்றிச் சொன்னேன். எங்கள் சர்ச் பாடகர் குழுவை நடத்தும் ஐசக் அண்ணன் எழுதி இசையமைத்த இசை நாடகம். ஜூன் மாதக் கடைசியிலிருந்து சனி, ஞாயிறு மாலைகளில் பாளையங்கோட்டையில் நடக்கிறது. யுத்த காலம். ஒரு சின்ன ஊர்த் தந்தி ஆபீஸ். அங்கே வேலை பார்க்கும் எஸ்தர், போஸ்ட்மாஸ்டரின் மகன் பர்மாவில் இறந்துபோன செய்தியைத் தன் கையாலேயே எழுதி எடுக்கிறாள். எடுத்தவள் மூன்று நாள் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறாள். அந்த எஸ்தர் நான்தான். பதினான்கு முறை மேடையேறிவிட்டேன். பதினான்காவதில் கடைசிப் பாட்டின் உச்சியில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"ஹெலன், ஒன் எடம் அப்படியே இருக்கும். நீ வார வரைக்கும் இசக்கி பாத்துக்கிடுவா" என்றார் ஐசக் அண்ணன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மறுபடியும் எஸ்தராக நிற்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நாளை ஜெபிக்கும்போதும் இதைத்தான் கேட்கப்போகிறேன். உடம்பு சுகத்தை வேண்டுமானால் அதோடு சேர்த்துக் கொடுக்கட்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டுத் தேர்வு முடியும் வரை விடுப்பு. பத்து நாள் ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம். இருமுவதைக்கூட யோசித்து இரும வேண்டும்.

ஆகஸ்ட் 24, சனி

முருகன்குறிச்சியில் ஒரு சிலேட்டு வாங்கி வந்து தந்தார் என் வீட்டுக்காரர் ஜெயசிங். என் பேச்சு முழுவதும் இனி அதில்தான். மீதி இந்த நோட்டில்.

மாலை ஆறு மணிக்குச் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே திரை தூக்கியிருப்பார்கள். எட்டுத் தந்திச் சேவகர்கள் மேஜைகளைத் தட்டித் தந்தி அடிக்கிற ஓசையை எழுப்புவார்கள். முன்பு அதில் நான்காவது ஆள் இசக்கி; அவள் மேஜைக்கு இப்போது வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. இருபத்து மூன்று வயது. நல்ல பிள்ளை. குரல் கொஞ்சம் கட்டை. கடைசிப் பாட்டு அவளுக்கு எட்டாது.

காய் பொடிப்பொடியாகிவிட்டது. இவர் அதை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினெட்டு வருஷமாக இவர் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரு வாரத்தில் பேசித் தீர்க்கிறார். தான் வேலை பார்க்கும் மின்சார ஆபீஸில் யாருக்கு யாரோடு ஆகாது என்பது முதல், சின்ன வயதில் தாமிரபரணியில் முங்கிச் சாகப் பார்த்தது வரை. நான் பதில் எழுதி முடிப்பதற்குள் அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். இத்தனையையும் சொல்ல விடாமல் இத்தனை நாள் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இதை அவரிடம் எழுதிக் காட்டவில்லை. தலைகால் புரியாது.

ஆகஸ்ட் 31, சனி

டாக்டரிடம் நான் மட்டும் போனேன். ஆறி வருகிறதாம். சீட்டில் என்னவோ எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன், பாதி சொத்தை. என்ன சொன்னார் டாக்டர் என்று இவர் கேட்டதற்கு, "இன்னும் கொஞ்ச நாள்" என்று எழுதினேன்.

செப்டம்பர் 7, சனி

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரே ஒரு முனகல், சுருதி பார்க்க. உடனே நிறுத்திவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். மூன்றும் காய்ந்துவிட்டன.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஐசக் அண்ணன் மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். நாடகம் இருபது தடவை நடந்துவிட்டதாம். நாகர்கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து பார்த்தார்களாம். எப்போது வருகிறாய் என்று கேட்டார். "டாக்டர் இன்னும் சொல்லவில்லை" என்று எழுதினேன். சிலேட்டில் பொய் எழுதுவது வாயால் சொல்வதை விட எளிது. முகம் குனிந்தே இருக்கும்.

இசக்கி எப்படி என்று எழுதிக் கேட்டேன். "சமாளிக்கா" என்றார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. மிக்சரை விட அதைத்தான் ரசித்துச் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை வந்து பாரேன், நீ இந்த நாடகத்தை வெளியிலிருந்து பார்த்ததே இல்லையே என்றார்.

அது உண்மைதான். அதில் நடித்த யாருமே பார்த்ததில்லை.

செப்டம்பர் 14, சனி

நீலச் சேலையா, மெரூன் சேலையா? மெரூன் உடுத்தினால் விசேஷத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். நீலம்.

செப்டம்பர் 16, திங்கள்

நேற்று போனேன். ஆறாவது வரிசை, நடு நாற்காலி. இவர் பக்கத்தில். தெரிந்தவர்கள் வந்து விசாரித்தார்கள். தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்து வைத்தேன். திரை தூக்குவதற்கு முன் முதல் பாட்டை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன், பாடப்போவது நான்தான் என்பது போல.

நேர்மையாக எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் திணற வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வரி மறந்து, ஒரு சுரம் தப்பினால் போதும். எனக்கு அது மருந்து மாதிரி இருந்திருக்கும்.

முதல் தட்டலிலேயே என் நினைப்பில் மண் விழுந்தது. ஜூன் மாதம் சேவகர்கள் எட்டுப் பேரும் ஒருவர் கையை ஒருவர் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டே தட்டுவார்கள். இப்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒருவன் தட்டிக்கொண்டே கொட்டாவி விடுகிறான். அது அவனாகச் சேர்த்துக்கொண்டது. சபை சிரித்தது. முன்பு மேஜையை நகர்த்துவதற்கு விளக்கை அணைப்போம், இருட்டில் யாராவது ஒருவர் முட்டியில் இடித்துக்கொண்டு 'அம்மா' என்பார். இப்போது பாட்டின் நடுவிலேயே மேஜை இடம் மாறிவிடுகிறது. எப்போது மாறியது என்று எனக்கே பிடிபடவில்லை. போஸ்ட்மாஸ்டராக வரும் சண்முகக்கனி அண்ணாச்சி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட், எதைச் சொன்னாலும் சபையைப் பார்த்துத்தான் சொல்லுவார். நேற்று மகனைப் பற்றிப் பேசுகிற இடத்தில் முதுகைக் காட்டி நின்று பேசினார். பின்வரிசை வரை கேட்டது.

அவர் பாடினார் பாருங்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு தடவை அவரோடு பாடியிருக்கிறேன், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். பாவம், குரல் இல்லாத மனிதர் என்று நினைத்திருந்தேன். நேற்று அவர் குரல் நிதானமாக இறங்கி வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இசக்கிக்காகப் பாட்டுகளின் சுருதியை ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலரைக்கு இறக்கியிருக்கிறார்கள். என் சுருதிதான் இத்தனை நாள் அவர் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது.

இசக்கியைப் பற்றி எழுத வேண்டும். பல் துலக்கி, காபி போட்டு, பால்காரருக்குப் பாத்திரம் வைத்து, எல்லாம் முடித்துவிட்டேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் காட்சி. எஸ்தர் தந்தியை எடுத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரிடம் கொடுக்கப் போகிறாள். நடுவில் ஒரு அரைக்கதவு. ஒன்பதாவது தடவை மேடையேறியபோது அந்தக் கதவின் ஆணியில் என் முந்தானை மாட்டிக்கொண்டது. நான் நின்றேன். போச்சு, கிழிந்தது என்று திரும்பிப் பார்த்து, மெதுவாக விடுவித்துக்கொண்டு போனேன். நாடகம் முடிந்ததும் மரவேலை செய்தவரைக் கண்டபடி ஏசினேன். ஐசக் அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவ்வளவுதான் நடந்தது, அந்த ஒரே ஒரு நாள்.

நேற்று இசக்கி அரைக்கதவைத் தாண்டினாள். நின்றாள். அடப்பாவிகளா, அந்த ஆணியை இன்னும் பிடுங்கவில்லையா என்று நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். இவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இசக்கி திரும்பினாள். பின்னால் யாரோ பிடித்து நிறுத்தினது போல முந்தானையைப் பார்த்தாள். சேவகர்களின் தட்டல் நின்றிருந்தது. முந்நூறு பேர் இருந்த சபையில் ஒரு செருமல்கூட இல்லை. அவள் கை முந்தானையைத் தொட்ட அதே நொடியில் ஒற்றைத் தட்டல் ஒன்று விழுந்தது. அவள் நடந்தாள். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் அழுதார்.

ஆணியே இல்லை. நான் இடைவேளையில் போய்ப் பார்த்தேன், கதவு வழவழவென்றிருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

எனக்கு அழுகை வந்ததா என்று இவர் கேட்டார். சளி என்று எழுதினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இசக்கி வீட்டுக்கு வந்தாள். மருந்துக் கடைச் சீருடையிலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தில். நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்ததும், முடிந்ததும் சொல்லாமல் போய்விட்டதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தப்பு ஏதும் பண்ணிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"அரைக்கதவுகிட்ட நிக்கிய எடம்க்கா. அது ஹெலன் வச்ச எடம், மாத்தக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாவ. நாலு எண்ணணும்னு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாவ. அந்த நாலுக்குள்ள எஸ்தர் என்ன நெனைக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

சேலை கிழிந்துவிட்டதா என்று நினைக்கிறாள் எஸ்தர். மயில்கழுத்துப் பச்சையில் கோ-ஆப்டெக்ஸ் சேலை. அதை எழுத மனம் வரவில்லை. வகுப்பில் பதில் தெரியாதபோது எல்லா ஆசிரியர்களும் செய்வதைச் செய்தேன். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று எழுதிக் காட்டினேன்.

அவள் சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"எங்க அப்பா எறந்தத எங்கிட்ட ஒரு நாள் முழுக்க மறச்சிட்டாவக்கா. பரிச்ச எழுதிட்டு வரட்டும்னு. எங்க சித்திதான் மறச்சா. அவ எப்படி நின்னிருப்பா, பின்னால யாரு புடிச்சிருப்பான்னு நெனச்சுக்கிடுவேன். அது சரியாக்கா?"

சரி என்று எழுதினேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீங்க கிறிஸ்துமஸுக்குள்ள வந்துருவியள்லா, அதுக்குள்ள ஒரு தடவயாவது முழுசாச் சரியாப் பண்ணிரணும்னு பாக்கேன்" என்றாள்.

அவள் போன பிறகு சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்து மறுபடியும் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போக என் கைப்பையில் சில்லறை தேடின இவர் கையில் டாக்டர் சீட்டு சிக்கிவிட்டது. ஆகஸ்ட் முப்பத்தொன்று என்று தேதி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம், உச்ச ஸ்தாயி மட்டும் இனி வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. இதில் எல்லாமே எனக்குத் தெரியும் என்பதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

இவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் சிலேட்டை எடுக்கப் போனேன். அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார்.

"கொரல் வந்துட்டுன்னா சந்தோசந்தான. வரலன்னாலும் எங்கிட்டச் சொல்லலாம்லா ஹெலன்."

"வந்திருக்கு" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. வேறு யாரோ பேசினது போலக் கனமாக, கரகரப்பாக இருந்தது. "ஆனா அது பழைய கொரல் இல்ல."

நன்றாகத்தான் இருக்கிறது என்றார் இவர், பொய் சொல்லத் தெரியாத மனிதர். பிறகு அதையே திருத்திச் சொன்னார்: "பழகிக்கிடலாம். ஒனக்கு எஸ்தர் வேணும்னா போய்க் கேளு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அந்தப் பிள்ளய எதுக்குக் காக்க வைக்க?"

சர்ச்சுக்கு அரை மணி நேரம் தாமதம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இசக்கியே நடிக்கட்டும், எனக்கு மனநிறைவு என்று ஐசக் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அழகான கடிதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரிக் கடிதமாகக் கொடுக்கலாம். படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உண்மை இல்லை. எனக்கு மனநிறைவும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அந்த மேடை வேண்டும். அந்த விளக்குச் சூடு வேண்டும். மேடையேறுகிற நாளில் காலை இட்லி இறங்காமல் போக வேண்டும். கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 28, சனி

காலை ஒத்திகைக்குப் போனேன். பேச முடிகிறது என்று ஐசக் அண்ணனிடம் சொன்னேன். எத்தனை நாளாக என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். இசக்கி தானாகவே போய் நான்காவது மேஜையில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காட்சியை எடுத்தோம். எஸ்தர் வாங்கி வைக்க வேண்டிய குடையைக் கனி அண்ணாச்சி வலது பக்கம் நீட்டினார். நான் இடது பக்கம் நின்றேன். குடை கீழே விழுந்தது. மறுபடியும் தொடங்கினோம். நான் பழைய இடத்தில் திரும்பினேன். அந்த இடத்தில் இப்போது மேஜை வருகிறது, முட்டியில் இடித்துக்கொண்டு 'அம்மா' என்றது நான்தான். பாட்டில் நான் முந்திக்கொண்டேன், அவர்கள் நிறுத்திக் காத்திருந்தார்கள். நாலரைக் கட்டை எனக்கு இப்போது தொண்டையில் உறுத்தாமல் வருகிறது. ஆனால் எங்கே மூச்சு விடுவது என்று எல்லாருக்கும் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

யாரும் முகம் சுளிக்கவில்லை. "பழகிரும்மா" என்றார் கனி அண்ணாச்சி, அன்பாக. புதிதாகச் சேர்ந்த ஆளிடம் அப்படித்தான் சொல்லுவோம்.

இடைவேளையில் மேடைப் படியில் உட்கார்ந்தேன். என் இடம் அப்படியே இருக்கும் என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. இடம் இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த எல்லாம் நகர்ந்துவிட்டது. ஜூன் மாதத்து நாடகத்துக்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அதை இனி எங்கே போய்த் தேடுவது? முட்டி வலித்தது. அழலாம் போல இருந்தது, கொஞ்சம் அழவும் செய்தேன்.

இசக்கி தண்ணீர் கொண்டுவந்து தந்து, பக்கத்தில் நின்றாள். குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன்.

"இசக்கி, எனக்கு எஸ்தரச் சொல்லிக் குடுப்பியா?"

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் படியில் உட்கார்ந்தாள்.

ஐசக் அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். சனிக்கிழமை இசக்கி, ஞாயிற்றுக்கிழமை நான். அவளை நிறுத்த வேண்டாம், எனக்கும் வேண்டும். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "இத நான் எப்படி உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்கன்னு ஒரு மாசமா முழிச்சிட்டிருந்தேன்" என்றார்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. இசக்கி காலையிலேயே வந்துவிட்டாள். கூடத்து நாற்காலிகளை ஓரமாகப் போட்டு, சமையலறை வாசலை அரைக்கதவாக வைத்துக்கொண்டோம். இவர் போஸ்ட்மாஸ்டர். வசனத்தை நோட்டைப் பார்த்து மின்கட்டண அறிவிப்பு மாதிரி வாசித்தார்.

இசக்கி கண்டிப்பான ஆசிரியை. என் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் பிள்ளைகள் நடுங்கும். குடைக்குக் கை வலது பக்கம் போக வேண்டும், தலை பிறகுதான் திரும்ப வேண்டும். மூச்சு 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு முன்னால், பின்னால் இல்லை. அரைக்கதவு இடத்தை மட்டும் ஏழு தடவை செய்யச் சொன்னாள்.

"மூணுலயே திரும்பிருதியக்கா. நாலு எண்ணணும்."

ஆணியில் முந்தானை மாட்டிய அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஆணியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எனக்குச் செய்து காட்டத் தொடங்கிவிட்டாள். எங்கள் சமையலறை வாசலில் நின்று, திரும்பி, தன் சித்தியை நினைத்துக்கொண்டாள். இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். நான் சொல்லவில்லை. அது இப்போது அவளுடையது.

எட்டாவது தடவை சரியாக வந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

இட்லி இறங்கவில்லை. அப்பாடா.

அக்டோபர் 7, திங்கள்

நேற்று நடித்தேன். ஒரு தப்பும் இல்லை என்று இவர் சொல்கிறார். இவர் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது. எனக்குத் தெரிந்து இரண்டு இடத்தில் மூச்சு தப்பியது. கடைசிப் பாட்டில் பழைய உயரம் இல்லை. ஆனால் கனி அண்ணாச்சியின் குரலோடு என் குரல் முதல் தடவையாகச் சேர்ந்து போனது, ஒருவரை ஒருவர் இழுக்காமல். அரைக்கதவில் நாலு எண்ணினேன். இசக்கி நான்காவது மேஜையிலிருந்து அந்த ஒற்றைத் தட்டலைத் தட்டினாள். அதைத் தட்டுவது நான்காம் மேஜைதான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் வேஷத்தோடு வெளியே வந்து நின்றோம். நாசரேத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போன மாதமும் பார்த்தாராம். இந்தத் தடவை தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாராம். வேறு ஆள் என்றதும் முதலில் மனசு கேட்கவில்லையாம்.

"ஆனா ஒரு கொறயும் சொல்ல முடியாதும்மா. அன்னைக்கு நடிச்ச பிள்ள மாதிரியே அச்சு அசலா நடிச்சிட்டிய" என்றார்.

கனி அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. ஐசக் அண்ணன் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். இசக்கி சேவகர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க முடியாமல் நின்றாள். ஜூன் மாதத்து நானாக இருந்தால் அந்த அம்மாளை நிற்க வைத்து, எஸ்தரை முதலில் நடித்தது யார் என்று ஆதியோடந்தமாகச் சொல்லியிருப்பேன். நேற்றும் நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது.

இசக்கியின் தோளைப் பிடித்து என் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"இவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா" என்றேன்.